முதலில் ஏற வேண்டியவள்

விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுவது ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது போல அல்ல. போடியிலிருந்து ஜீப்பில் வரும் டின்னை உடைத்து, புனலின்மேல் மெல்லிய தோல் ஒன்றை விரித்து, அதன் வழியாகத்தான் இறக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் தோல் நிறுத்திக்கொள்ளும். பெட்ரோல் மட்டும் கசிந்து போகும். பெட்ரோல் தொட்டி மேலடுக்கு இறக்கையின் நடுவில் இருந்தது. என் கணவர் ஒரு முக்காலியில் நின்று ஊற்றுவார். நான் இன்னொரு முக்காலியில் நின்று தோலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். கையெல்லாம் பெட்ரோல் வாடை. சோப்புப் போட்டாலும் போகாது, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால்தான் மகளுக்குச் சோறு ஊட்டினேன். "ஏரோப்ளேன் சோறு வேணாம்" என்று தட்டிவிடுவாள்.

விமானம் எங்களுடையது அல்ல. மலைச்சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, யுத்தத்துக்குப் பிறகு மலிவாகக் கழித்துவிட்ட பழைய பயிற்சி விமானம் ஒன்றை வாங்கியிருந்தார். ஒரே எஞ்சின். இறக்கைகள் மேலொன்று கீழொன்றாக இரண்டடுக்கு. மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, ஒருவகை வார்னிஷைப் பூசி முறுக்கேற்றிய உடம்பு. முன்னும் பின்னுமாக இரண்டு குழிகள், அவைதான் ஆசனங்கள். கூரை கிடையாது. பின்குழியில் ஓட்டுபவர், முன்குழியில் இன்னொருவர். என் கணவர் யுத்தகாலத்தில் விமான மெக்கானிக்காக இருந்து, அதன்பின் மெட்ராஸில் ஓட்டவும் படித்தவர். சிலமலைக்காரர். சொந்த ஊர்ப்பக்கமே இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நானும்தான்.

சிலமலைக்கும் போடிக்கும் நடுவே, முதலாளியின் சோளக்காட்டில் ஒரு நீளத் துண்டை மட்டும் விதைக்காமல் விட்டு, உருளை போட்டுத் தரையை இறுக்கியிருந்தார்கள். அதன் ஒரு கோடியில் தகரக் கொட்டகை. கொட்டகையை ஒட்டி எங்கள் வீடு. ஆடுமாடு விரட்ட ஒரு காவல்காரர் இருந்தார். அது பெரிய வேலை. பூச்சு போட்ட துணியில் என்ன ருசி கண்டனவோ, மாடுகள் வந்தால் இறக்கையை நக்கும், ஆடுகள் வந்தால் கடிக்கும்.

"புல்லு கெடக்கு, தழை கெடக்கு. இதுகளுக்கு மொதலாளி ரெக்கைதான் வேணுமாம், தாயி" என்பார் காவல்காரர்.

அந்த ஆடிமாசம் ஒரு வெள்ளாடு கீழ் இறக்கையின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துவிட்டது. காற்று மலைக்கணவாயிலிருந்து இறங்கி மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்த நாட்கள்; பறக்கவும் முடியாது. என் கணவர் துணியும் நூலும் கொண்டுவந்து, "நீ தைச்சா நல்லாருக்கும். என் தையல் கோணித் தையல்" என்றார். தைத்தேன். நூலுக்கு மெழுகு பூசி, முடிச்சுக்கு முடிச்சு இழுத்துப் பார்த்துத் தைத்தேன். அவர் மேலே ஒட்டுப்போட்டுப் பூச்சு அடித்தார். காய்ந்ததும் விரலால் சுண்டினார். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. அவருக்குத் திருப்தி. அவர் போனபின் நானும் சுண்டிப் பார்த்தேன். அடுத்த நாளும் போய்ச் சுண்டினேன். தையல் உள்ளே போய்விட்டது. இனி அதைப் பார்க்க முடியாது என்பதே என்னைப் படுத்தியது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மதுரையில் பள்ளிப்படிப்பை முடித்தவள் என்பதால், விமானத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசிப்பது என் பொறுப்பு. பறக்கிற நாள் காலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் விமானத்தைச் சுற்றி வந்து, அந்தந்த இடத்தைத் தொட்டு, "சரி" என்பார். சக்கரம், சரி. கம்பிகளின் முறுக்கு, சரி. எண்ணெய், சரி. காற்று புகும் குழாயின் உறை கழற்றியாயிற்றா, சரி. எல்லாவற்றையும் மனப்பாடமாக அறிந்த மனிதர்தான். ஆனாலும் ஒருவர் சொல்ல ஒருவர் தொட வேண்டும் என்பது அவர் பழகிய முறை. வாசித்து முடித்ததும், இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டிவிட்டேனோ என்று எனக்குத் தோன்றும். மறுபடி முதல் பக்கத்துக்குப் போவேன். "இன்னைக்குள்ள கெளம்பணும்மா" என்பார்.

பிறகு எஞ்சினைக் கிளப்புவது. அவர் முன்னால் நின்று காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். அப்போது ஓட்டும் குழியில் யாராவது உட்கார்ந்து ஸ்விட்சைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நான். அவர் "ஸ்விட்ச் ஆஃப்" என்று கத்துவார். நான் "ஆஃப்" என்பேன். அவர் காற்றாடியை மெல்லச் சுழற்றி வாகாக நிறுத்துவார். அந்த நேரத்தில் ஸ்விட்ச் போட்டிருந்தால் காற்றாடி திரும்பி அடித்து அவர் கை போய்விடும். அதனால் "ஆஃப்" என்று சொன்னபின் ஒருமுறை பார்ப்பேன். பார்த்தபின் தொட்டுப் பார்ப்பேன். தொட்டபோது நகர்ந்துவிட்டதோ என்று மறுபடி பார்ப்பேன். அதன்பிறகு அவர் "போடு" என்றதும் ஸ்விட்சைப் போடுவேன், அவர் ஓங்கிச் சுற்றிவிட எஞ்சின் பிடிக்கும். இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்த பிறகு அந்தக் குழிக்குள் இறங்குவதும் ஏறுவதுமே ஒரு சோலியாகிவிட்டது. களைப்பு என்றால், வேலை செய்த களைப்பு பாதி. எல்லாவற்றையும் மனசுக்குள் இரண்டாம் முறை செய்துகொண்டிருந்த களைப்பு பாதி.

இத்தனையும் எதற்கு? முதலாளி மதுரைக்குப் போகவர. அதுபோக, எஸ்டேட்டுக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, தபாலும் மருந்தும் கட்டிய பையை வீசிவிட்டு வருவது. பையை எடுக்கக் கங்காணி சரிவில் ஓடுவார். ஒருமுறை பை ஏலச்செடிகளுக்குள் விழுந்து, தேடி எடுப்பதற்குள் ஜீப்பே தபாலோடு போய்ச் சேர்ந்துவிட்டதாம். இதைச் சொல்லிச் சொல்லி என் கணவரே சிரிப்பார்.

முதலாளிக்கு ஓர் ஆசை. விஜயதசமியன்று வீட்டார் எல்லோரையும் அழைத்துவந்து, பேரன்களை ஒவ்வொருவராக ஏற்றி ஆகாயத்தில் ஒரு சுற்று சுற்றிக்காட்ட வேண்டும். அதைச் சொல்லத்தான் நவராத்திரி தொடங்கியபோது ஜீப்பில் வந்தார். கூடவே முதலாளியம்மாவும் வந்திருந்தார். கனத்த உடம்பு, காதில் பழைய காலத்துத் தங்கப் பாம்படம், யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற வழக்கம். விமானத்தை ஒருமுறை சுற்றிவந்தார். இறக்கையை விரலால் அமுக்கினார்.

"இது துணியில்ல?"

"துணிதாம்மா. பூச்சு போட்டிருக்கு" என்றார் என் கணவர்.

"எங்க வீட்டு வாரிசை வேட்டியில கட்டி ஆகாசத்துல தூக்கிட்டுப் போவீகளோ?"

முதலாளி சிரித்தார். "நான் போகலையா? நான் என்ன விழுந்தா போயிட்டேன்?"

"நீங்க விழுந்தா எனக்கொரு தாலிதான் போச்சு. பேரனுகன்னா வம்சமே போச்சு." பிறகு என் மகளைப் பார்த்தார். அவள் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு கொய்யா தின்றுகொண்டிருந்தாள். "ஏன், தம்பிக்குத்தான் சொந்தமா ஒண்ணு இருக்கே. மொதல்ல அது ஏறட்டும். பெத்தவன் தன் புள்ளைய ஏத்திக் காட்டினா அப்புறம் நம்புறேன்."

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் முதலாளி. "என்ன தம்பி?"

"சரிங்க" என்றார் என் கணவர்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. மகள் மட்டும் "நானா? நானா?" என்று குதித்தாள். அவளுக்கு அப்போது நாலு வயசு நிறையவில்லை. முன்குழியில் தனியாக. இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, பட்டையை இழுத்துக் கட்டினால் போதும் என்றார்கள்.

அவர்கள் போனதும் சொன்னேன்: "அவ சின்னப் புள்ளைங்க."

"கனம் இல்லாததுதான் நல்லது. லேசாத் தூக்கும்."

"பட்டை அவ இடுப்புக்கு நிக்குமா?"

"இன்னொரு துளை போட்டுத் தர்றேன்." கையைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்: "என் வேலைய நீயே நம்பலைன்னா அந்தம்மா எப்படி நம்பும்?"

"உங்க வேலைய நம்புறேன். அதுல என் வேலையும் இருக்கே, அதைத்தான் நம்ப முடியலை."

அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் கொலுச் சுண்டலுக்குப் பயறு ஊறப்போட்டபடியும் துணி துவைத்தபடியும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? பேரன்கள் ஏற மாட்டார்கள். தன் வீட்டார் முன்னால் முதலாளிக்கு அவமானம். எங்கள் வீடு அவர் நிலத்தில் இருந்தது. என் கணவருடைய வேலைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யார் இடம் கொடுப்பார்கள்? எல்லாவற்றையும்விட, அவர் தன் விமானத்தைப் பற்றி வைத்திருந்த மதிப்பு. அதை நானே எல்லோர் முன்னாலும் உடைப்பதா? மகளைப் பார்த்தால் ஒரு முடிவு வரும். அவரைப் பார்த்தால் இன்னொரு முடிவு வரும்.

ஆயுதபூஜையன்று கொட்டகையில் பூஜை. ஸ்பானர், சுத்தியல், பெட்ரோல் புனல், விமானத்துக்குப் போடும் உறைகள், நான் வாசிக்கும் புத்தகம் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் பலகையில் வைத்துப் பொட்டிட்டோம். வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டும் வரை தொடக்கூடாது. விமானத்துக்கு மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். முதலாளியம்மா தாமே சந்தனக் கிண்ணத்தோடு விமானத்தைச் சுற்றிப் பொட்டு வைத்தார். நான் வந்தவர்களுக்குப் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது: "கண்ணு, மூக்கு, வாய்னு ஒண்ணு விடாம வச்சாச்சு. இனிமே ஒரு கண்ணு படாது."

விமானம் அன்றைக்கு உறை எதுவும் இல்லாமல் மாலையோடு நின்றது. உறைகள் பூஜையில் இருந்தனவே.

விஜயதசமி காலையில் வானம் சுத்தமாக இருந்தது. குரங்கணிப் பக்கத்து மலைகூடப் பக்கத்தில் தெரிந்தது. மழை பெய்து கெடுத்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், அதுவும் வீண். இரண்டு ஜீப்பு நிறைய முதலாளி வீட்டு ஆட்கள் வந்தார்கள். கற்பூரம் காட்டி, புத்தகத்தை எடுத்து வாசித்தேன். அவர் தொட்டுத் தொட்டு "சரி" சொன்னார். விமானம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. நல்ல நாளில் பொட்டை அழிக்கக்கூடாதென்று யாரும் துடைக்கவில்லை. அவர் பார்க்கும் முன்கண்ணாடியை மட்டும் துடைத்தேன். "குழாய் உறை கழற்றியாயிற்றா" என்று வாசித்தேன். உறை பூஜைப் பலகையில் இருந்தது. "சரி" என்றார்.

மகளுக்குக் காதில் பஞ்சு வைத்தேன். கம்பளித் தொப்பி போட்டுத் தாடைக்குக் கீழே கட்டினேன். தலையணைகளின்மேல் உட்காரவைத்து, பட்டையை இழுத்தேன். தளர்த்தினேன். மறுபடி இழுத்தேன்.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்" என்றேன்.

"ஆத்தா, வெரசா" என்று முதலாளியம்மா குரல் கொடுத்தார். "கட்டிக் குடுக்கப் போற பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரியில்ல பண்றே."

பின்குழியில் உட்கார்ந்து ஸ்விட்ச் ஆஃப் என்றேன், பார்த்தேன், தொட்டேன். எஞ்சின் பிடித்தது. அவர் வந்து ஏறிக்கொள்ள, நான் இறங்கித் தள்ளி நின்றேன். காவல்காரர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளைக் கயிற்றால் இழுத்தார். விமானம் குலுங்கிக்கொண்டே மறுகோடிக்குப் போய்த் திரும்பியது. கம்பளித் தொப்பி மட்டும் ஒரு பொட்டாகத் தெரிந்தது.

ஓடி வந்தது. வால் எழுந்தது. எங்களைக் கடந்தது. இந்த இடத்தில் சக்கரம் தரையை விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விடவில்லை. எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. வால் இறங்கித் தரையில் உரசியது. இந்த விமானத்துக்குப் பிரேக் கிடையாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே போய், இறுக்கிய தரை முடிந்து, சோளக்காட்டு உழவுக்குள் இறங்கி, ஒருமுறை மூக்கைக் குத்தப் பார்த்து, நின்றது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். காவல்காரர் எனக்கு முன்னால் ஓடினார். இறக்கை நுனி, இறக்கை நுனி என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது இறக்கை அப்படியே இருந்தது. என் கணவர் ஒரு காலை வெளியே போட்டபடி உட்கார்ந்திருந்தார். மகள் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா நிப்பாட்டினே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேகம் காட்டுற முள் எந்திரிக்கவே இல்ல" என்றார் என்னிடம். உதடு வெளுத்திருந்தது. "வேகம் தெரியாம தூக்கிட்டா, எறக்கும்போது என்ன பண்றது? தனியா இருந்தா ஒருவேளை தூக்கியிருப்பேன்."

இறக்கைகளை இணைக்கும் கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் சின்னது. அதற்குள் காற்று புகுந்து அழுத்துவதைக் கொண்டுதான் முள் வேகத்தைச் சொல்கிறது. அவர் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். விரலை முகர்ந்தார்.

"சந்தனம்."

குழாயின் வாய்க்குள் சந்தனம் இறுகிப்போய், அதன்மேல் ஒரு துளி குங்குமமும் இருந்தது. அதற்குள் முதலாளி வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"யாருய்யா இதுல போயி வச்சது?" என்று முதலாளி காவல்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"நான் ஆட்டைத்தான் பாத்தேன் மொதலாளி. சந்தனத்தைப் பாக்கச் சொல்லலையே" என்றார் காவல்காரர்.

முதலாளியம்மா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

என் கணவரும் காவல்காரரும் வாலைத் தூக்கி விமானத்தைக் கொட்டகைப் பக்கம் நடத்திக் கொண்டுவந்தார்கள். மகளை இறக்கச் சொன்னேன். அவள் இறங்க மாட்டேன் என்றாள். முதலாளியும் இருக்கட்டும் என்றார். ஊர்வலத்தில் போகிற சாமி மாதிரி உட்கார்ந்தே வந்தாள். என் கணவர் குழாயின் இணைப்பைக் கழற்றி, ஈர்க்கால் குத்தி, பெட்ரோல் விட்டு அலசி, மறுபடி மாட்டினார். என்னைப் பின்குழியில் ஏறி முள்ளைப் பார்க்கச் சொன்னார். அவர் அந்தக் குழாயின் எதிரே வாயை வைத்துப் பட்டும் படாமலும் ஊத வேண்டும். முள் அசைந்தால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

முன்குழியில் என் மகளின் தொப்பி என் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் ஊதினார். முள் நடுங்கி, கொஞ்சம் மேலே போய், இறங்கியது.

"அசையுதா?"

அந்த முள் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. அசையவில்லை என்று சொன்னால் இன்றைக்கு எல்லாம் முடிந்துபோகும். அவர் மறுபடி கழற்றுவார், நேரம் ஆகும், மலையில் மேகம் கூடும், எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் என் வாயிலிருந்து வருகிற சொல்லை நம்பித்தான் அவர் காற்றாடிக்கு முன்னால் கையை நீட்டுகிறார். ஒருமுறை பொய் சொல்லிவிட்டால், அடுத்த தடவை நான் ஆஃப் என்று சொல்லும்போது அதற்கு என்ன மதிப்பு?

"அசையுதாம்மா?"

"அசையுது" என்றேன். பிறகு, எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நல்லா அசையுது. ஆனா புள்ள ஏற வேணாம்."

"ஏன் வேணாம்?" என்றார் முதலாளி. "அதான் சரியாயிருச்சுல்ல?"

"சரியாயிருச்சுங்க. அவ வேணாம்."

"தம்பி, என்ன உங்க வீட்டுல இப்படிச் சொல்றாங்க?"

என் கணவர் ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. நான் இறங்கி முன்குழிக்குப் போய்ப் பட்டையை அவிழ்த்தேன். கொக்கி சிக்கிக்கொண்டது.

"வெலகு ஆத்தா." முதலாளியம்மா வந்து கொக்கியை ஒரே இழுப்பில் கழற்றி, என் மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தரையில் விட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "அந்த முக்காலியக் கொண்டா."

"நீ எங்கே?" என்றார் முதலாளி.

"ஆகாசத்துக்கு. சந்தனத்தை வச்சவ நானு. அப்ப ஏறிப் பாக்க வேண்டியவளும் நான்தான்."

"உன் கனத்துக்கு அது எந்திரிக்குமா?"

"உங்களத் தூக்கிட்டுப் போயிருக்கில்ல? அப்பறமென்ன."

ஏற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரு பக்கம் காவல்காரர், ஒரு பக்கம் நான். துணியில் கால் வைக்கக்கூடாது, கட்டையில்தான் வைக்க வேண்டும் என்று நான் கத்த, "எல்லாம் தெரியும்டி" என்று அவர் கத்த, ஒருவழியாக உள்ளே இறங்கினார். தலையணைகளை வெளியே எடுத்தேன். என் கணவர் போட்ட புதுத் துளை உதவவில்லை. பட்டையின் கடைசித் துளைதான் எட்டியது. முதலாளியம்மாவின் கை சில்லென்று இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சத்தியமாச் சொல்லு. அசைஞ்சுச்சா?" என்றார்.

"அசைஞ்சுச்சும்மா."

"சரி, போ."

நான் மறுபடி பின்குழியில் ஏறினேன். ஆஃப் என்றேன். பார்த்தேன். தொட்டேன். எஞ்சின் பிடித்தது. இறங்கினேன். அவர் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அது கோபமா, இல்லையா என்று யோசிக்க அப்போது எனக்குத் தெம்பில்லை.

விமானம் எங்களைக் கடந்து, வழக்கமான இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த்தான் தரையை விட்டது. தேவாரம் பக்கம் திரும்பி, மலைக்கு முன்னால் சின்னதாகப் போனது. பேரன்கள் கூவினார்கள். முதலாளி கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

என் மகள் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். காதுப் பஞ்சை எறிந்தாள். எருவும் சோளத்தட்டையும் கிடந்த தரையில் மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, "என்னை ஏத்தலை, என்னை ஏத்தலை" என்று மூச்சுமுட்ட அழுதாள். பூஜைக்கு வாங்கிய புதுப் பாவாடை மண்ணாயிற்று. தூக்கப் போனால் என் கையைக் கடித்தாள். மேலே இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.